அப்டேட்டுக்குப் பிறகு தூரத்திலிருந்து எழாத கம்ப்யூட்டர்: முழுமையான வழிகாட்டி

மாதத்தின் 19-ஆம் தேதி, இரவு ஒன்பது மணி. குடியாத்தத்திலிருந்து போன். "அண்ணா, ஆபீஸ் சிஸ்டம் எழவே மாட்டேங்குது. நேத்து ராத்திரிகூட நல்லா எழுந்துச்சு. நாளைக்கு 20 அண்ணா."

அந்தத் தங்கை வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறார். மாதாமாதம் ஜிஎஸ்டி 3பி படிவம் போடுகிறவர்களுக்கு 20-ஆம் தேதி கடைசி நாள். அதனால் 18, 19 இரண்டு நாளும் வீட்டுக்குப் போன பிறகும் அவருக்கு வேலை இருக்கும். டேலி என்ற கணக்கு மென்பொருள் இருக்கும் அலுவலகக் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்தே எழுப்பி, அதாவது ஆன் செய்து, அதன் திரையைத் தூரத்திலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பில் உள்ளே போய் வேலையை முடிப்பார். அன்று காலை அந்தக் கம்ப்யூட்டரில் பெரிய அப்டேட் ஒன்று ஏறியிருந்தது. சாயங்காலம் வழக்கம்போல ஷட்டவுன் செய்துவிட்டு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள்.

நான் காட்பாடி காந்தி நகரில் இருந்தேன். அலுவலக வாட்ச்மேன் அய்யாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, டார்ச் அடித்து, சிபியுவின் பின்பக்கம் நெட்வொர்க் ஒயர் செருகியிருக்கும் இடத்தில் பச்சையோ ஆரஞ்சோ சின்ன விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தூசியை ஊதினார். "ஒண்ணும் எரியல தம்பி. இருட்டாத்தான் கீது." பாதி விடை அந்தப் பதிலிலேயே கிடைத்துவிட்டது. பவர் பட்டனை அமுக்கச் சொன்னேன். கம்ப்யூட்டர் ஆன் ஆனது, அன்றைய வேலை நடந்தது.

பட்டனை அமுக்க ஆள் இல்லாத இடங்கள்தான் அதிகம். ராணிப்பேட்டையில் தொழிற்சாலைக் கணக்குப் பிரிவு, ஆம்பூரில் ஷூ டிசைன் கோப்புகள் இருக்கும் கம்ப்யூட்டர், சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு காட்பாடி வீட்டுக் கம்ப்யூட்டரை எழுப்புகிறவர்கள் என்று பலருக்கும் இதே தொல்லை வருகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால் நிறையப் பேர் விண்டோஸ் 11-க்கு மாறினார்கள். அதிலிருந்து இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. நான் பார்க்கும் வரிசையிலேயே இங்கே எழுதியிருக்கிறேன். வரிசையை மாற்றாமல் போங்கள். கண்டபடி பத்து அமைப்புகளை மாற்றினால் எது சரி செய்தது என்றும் தெரியாது, எது புதிதாகக் கெட்டது என்றும் தெரியாது.

எழுப்பும்போது என்ன நடக்கிறது

இந்த வசதிக்குப் பெயர் வேக் ஆன் லேன். நீங்கள் அனுப்புவது மேஜிக் பேக்கெட் என்ற சின்னத் தகவல் பொட்டலம். ஏஎம்டி நிறுவனம் 1995-இல் இதன் விவரத்தை வெளியிட்டது. அமைப்பு மிக எளிது: முதலில் 6 பைட், எல்லாம் எஃப்எஃப். அதன் பின்னால், எழ வேண்டிய கம்ப்யூட்டரின் மேக் முகவரி, அதாவது அதன் நெட்வொர்க் கார்டுக்கென்று இருக்கும் தனி அடையாள எண், 16 முறை. ஒரு மேக் முகவரி 6 பைட் என்பதால் மொத்தம் 102 பைட். பெரும்பாலும் யுடிபி 9-ஆம் போர்ட்டிலோ 7-ஆம் போர்ட்டிலோ அனுப்புவார்கள். ஆனால் நெட்வொர்க் கார்டு போர்ட் எண்ணைப் பார்ப்பதில்லை, அந்த 102 பைட் வரிசையைத்தான் தேடுகிறது.

கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளை மதர்போர்டுக்கு 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். நெட்வொர்க் கார்டு அந்த மின்சாரத்தில் அரைக்கண் திறந்து கேட்டுக்கொண்டிருக்கும். தன் மேக் முகவரி 16 முறை வந்ததும் மதர்போர்டுக்குத் தகவல் சொல்லும், மதர்போர்டு கம்ப்யூட்டரை ஆன் செய்யும்.

ஆகவே கோளாறு மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். பொட்டலம் கார்டு வரைக்கும் வந்து சேரவில்லை. அல்லது வந்தும் கார்டு கேட்கும் நிலையில் இல்லை. அல்லது கார்டு சொல்லியும் மதர்போர்டு எழவில்லை. அப்டேட்டால் அதிகம் கெடுவது நடுவில் இருப்பது. நிறையப் பேர் முதலில் ஃபயர்வாலைச் சந்தேகிப்பார்கள். தூங்கும் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஃபயர்வால் ஓடுவதே இல்லை, கேட்பது கார்டு மட்டும்தான். எழுந்த பிறகுதான் ஃபயர்வால் பேச்சு வரும்.

படி 1: விளக்கு

கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அரை நிமிடம் பொறுத்துப் பின்பக்க நெட்வொர்க் விளக்கைப் பாருங்கள். எரிந்தால் கார்டுக்கு மின்சாரம் இருக்கிறது, கேபிளும் சரி. அமைப்புகளைப் பார்க்கலாம். எரியவில்லை என்றால் கேபிளின் மறுமுனையில் ஸ்விட்சிலும் ஒரு தடவை பாருங்கள். சில மாடல்களில் கம்ப்யூட்டர் பக்கத்து விளக்கு அணைந்தாலும் ஸ்விட்ச் பக்கத்து விளக்கு எரியும். இரண்டும் இருட்டு என்றால் அணையும்போது கார்டின் மின்சாரமே துண்டிக்கப்படுகிறது என்று அர்த்தம். துண்டிப்பது விண்டோஸா, கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளா, மதர்போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸா என்பது அடுத்த படிகளில் தெரிந்துவிடும்.

வைஃபையில் இருக்கும் கம்ப்யூட்டரை எழுப்பப் பார்க்கிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். வைஃபை வழியாக எழுப்பும் வசதி சில கார்டுகளில் உண்டு. வேலைக்கு நம்பி வைக்கும் அளவுக்கு அது நிலையாக இருந்து நான் பார்த்ததில்லை.

படி 2: தூக்கமா, ஹைபர்னேட்டா, ஷட்டவுனா

இதை நிதானமாகப் படியுங்கள். என்னிடம் வரும் பத்துப் புகாரில் பெரும்பாலானவை இங்கேதான் முடிகின்றன.

பார்வைக்கு மூன்றும் ஒன்றுதான், திரை கறுப்பாகிவிடும். உள்ளே நிலைமை வேறு. தூக்கத்தில், அதாவது ஸ்லீப்பில், திறந்திருந்தவை எல்லாம் ராமில் இருக்கும், ராமுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். ஹைபர்னேட்டில் அவை எல்லாம் டிஸ்க்கில் எழுதப்பட்டு, ராம் அணைந்துவிடும். ஷட்டவுனில் எல்லாம் மூடப்படும்.

2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது நான்காவதாக ஒன்று சேர்ந்தது: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது ஆன் ஆகியிருந்தால், நீங்கள் ஷட்டவுன் அழுத்தும்போது உங்கள் புரோகிராம்கள் மூடும், விண்டோஸின் மையப்பகுதி மட்டும் ஹைபர்னேட் ஆகும். காலையில் வேகமாக ஆன் ஆவது இதனால்தான். ஸ்லீப்பிலும் ஹைபர்னேட்டிலும் இருந்து மட்டுமே வேக் ஆன் லேனை விண்டோஸ் ஆதரிக்கிறது என்று மைக்ரோசாஃப்ட் தன் ஆவணத்திலேயே சொல்கிறது. முழு ஷட்டவுனிலும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஷட்டவுனிலும் கார்டை எழுப்புவதற்குத் தயார் செய்து வைப்பதில்லை.

அப்படியென்றால் இவ்வளவு நாள் ஷட்டவுனிலிருந்து எப்படி எழுந்தது? யாரோ ஒருவர் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை எடுத்துவிட்டு, பயாஸும் கார்டின் டிரைவரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும்படி வைத்திருப்பார். பெரிய அப்டேட் ஏறும்போது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மறுபடி ஆன் ஆவதுண்டு, அல்லது டிரைவர் மாறும். அந்த ஏற்பாடு அப்போது உடைந்துவிடுகிறது.

செய்ய வேண்டியது: கண்ட்ரோல் பேனலைத் திறந்து பவர் ஆப்ஷன்ஸ் போங்கள். இடப்பக்கம் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வரி இருக்கும். உள்ளே போனால் கீழே சில கட்டங்கள் மங்கலாக இருக்கும். மேலே இருக்கும் நீல எழுத்து வரியை அழுத்தினால் அவை தெளிவாகும். அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். அதன் பக்கத்திலேயே ஹைபர்னேட் இருக்கும், அதற்கு டிக் போடுங்கள். சேமியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஹைபர்னேட்டையே மொத்தமாக நிறுத்தும் கட்டளையைப் பல வீடியோக்களில் சொல்லித் தருகிறார்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அதனால் போகும், உண்மைதான். கூடவே ஹைபர்னேட்டும் போய்விடும். நமக்கு ஹைபர்னேட் வேண்டும்.

என் முடிவு இது: தூரத்திலிருந்து எழுப்ப வேண்டிய கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்யாதீர்கள், ஹைபர்னேட் செய்யுங்கள். ஆதரவு இருக்கும் வழியில் போனால் அடுத்த அப்டேட் வந்து கெடுக்கும் வாய்ப்பு குறைவு. ஸ்லீப்பும் வேலை செய்யும். ஆனால் நம் ஊரில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாள் இருக்கிறது, கோடை மழையில் திடீர் கட் இருக்கிறது. யுபிஎஸ் இல்லாமல் ஸ்லீப்பில் இருந்தால் ராமில் இருந்ததெல்லாம் போய்விடும். ஹைபர்னேட்டில் எல்லாம் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும்.

படி 3: எது வரைக்கும் எழுகிறது என்று பாருங்கள்

அலுவலகத்திலேயே இருந்துகொண்டு செய்யும் சோதனை இது. அதே ரவுட்டரில் இணைந்த இன்னொரு கம்ப்யூட்டரிலோ போனிலோ வேக் ஆன் லேன் ஆப் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். விருந்தினர் வைஃபையில் இருக்கக் கூடாது, அது உள் நெட்வொர்க்கைத் தொட விடாது.

முதலில் கம்ப்யூட்டரை ஸ்லீப்பில் போட்டு எழுப்புங்கள். எழுந்தால் ஹைபர்னேட். அதிலும் எழுந்தால், உங்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்றால் மட்டும் ஷட்டவுன்.

ஸ்லீப்பிலிருந்தே எழவில்லை என்றால் 4, 5-ஆம் படிகள். ஸ்லீப்பில் எழுகிறது, ஹைபர்னேட்டில் எழவில்லை என்றால் பெரும்பாலும் பயாஸ், 6-ஆம் படி. பக்கத்திலிருந்து எல்லாம் எழுகிறது, வீட்டிலிருந்து மட்டும் எழவில்லை என்றால் கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம், நேராக 8-க்குப் போங்கள்.

படி 4: டிவைஸ் மேனேஜர்

ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியில் கேபிள் செருகியிருக்கும் கார்டை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். பெயரில் ரியல்டெக் அல்லது இன்டெல் என்று இருக்கும். விபிஎன் மென்பொருளோ ஹைப்பர்-வி என்ற மெய்நிகர் கம்ப்யூட்டர் மென்பொருளோ போட்டிருந்தால் பொய்க் கார்டுகள் சிலவும் அதே பட்டியலில் இருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள்.

பவர் மேனேஜ்மென்ட் தாவலில் மூன்று கட்டம் உண்டு. இந்தக் கார்டு கம்ப்யூட்டரை எழுப்பலாம் என்ற இரண்டாவது கட்டத்துக்கு டிக் வேண்டும். முதல் கட்டத்தில் டிக் இல்லாவிட்டால் இரண்டாவது மங்கிப்போய்விடும், அதனால் முதலாவதையும் போட்டு வையுங்கள். மேஜிக் பேக்கெட்டுக்கு மட்டும் எழு என்கிற மூன்றாவதையும் போடுங்கள். இல்லாவிட்டால் நெட்வொர்க்கில் வரும் வேறு எதற்காவது நடுராத்திரியில் எழுந்துகொண்டே இருக்கும்.

பிறகு அட்வான்ஸ்டு தாவல். வேக் ஆன் மேஜிக் பேக்கெட் எனேபிள்டு ஆக இருக்க வேண்டும். ரியல்டெக்கில் ஷட்டவுன் வேக்-ஆன்-லேன் என்று தனி வரி உண்டு, இன்டெல்லின் சில கார்டுகளில் பவர் ஆஃப் நிலையிலிருந்து எழுவதற்கு என்று தனி வரி உண்டு. ஷட்டவுனிலிருந்து எழுப்ப வேண்டும் என்பவர்களுக்கு இவை தேவை. எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட் என்ற வரிகளைச் சோதனைக்காக டிசேபிள் செய்து பாருங்கள். பழைய ஸ்விட்சுகளோடு இவை ஒத்துப்போகாமல் தூக்கத்தில் இணைப்பையே விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சரிபார்ப்பு. கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகியாகத் திறந்து, நான் போனில் சொல்வது போலவே தட்டுங்கள்: பவர்சிஎஃப்ஜி, ஒரு இடைவெளி, சாய்கோடு, அதை ஒட்டி டிவைஸ்கொயரி, ஒரு இடைவெளி, வேக், அடிக்கோடு, ஆர்ம்டு. கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதி பெற்றவற்றின் பட்டியல் வரும். அதில் கீபோர்டு, மவுஸ் மட்டும் இருந்து நெட்வொர்க் கார்டின் பெயர் இல்லை என்றால், கட்டங்களில் என்ன டிக் போட்டிருந்தாலும் பயனில்லை. டிரைவரைப் பார்க்க வேண்டும்.

படி 5: டிரைவர்

அப்டேட் வழியாகப் பொதுவான டிரைவர் ஒன்று வந்து பழையதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். இணையம் ஓடும், எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆனால் அட்வான்ஸ்டு தாவலில் போன வாரம் இருந்த வரிகள் இன்று இருக்காது. ஷட்டவுன் வேக்-ஆன்-லேன் வரி காணாமல் போனதுதான் தெளிவான அடையாளம். சத்துவாச்சாரி கம்ப்யூட்டரிலும் இதுதான் நடந்திருந்தது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் திரும்ப ஆன், டிரைவரும் வேறு.

கார்டின் டிரைவர் தாவலில் தேதியைப் பாருங்கள். ரோல் பேக் டிரைவர் பட்டன் அழுத்தும் நிலையில் இருந்தால் முதலில் அதைச் செய்து சோதியுங்கள். மங்கியிருந்தால் கம்ப்யூட்டர் அல்லது மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான லேன் டிரைவரை இறக்கிப் போடுங்கள். டிரைவர் மாறினால் 4-ஆம் படியின் டிக்குகள் எல்லாம் மாறிப்போயிருக்கலாம், மறுபடி ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். டிரைவர் இறக்கித் தருகிறேன் என்று தனியாக வரும் மென்பொருள்களைத் தொட வேண்டாம்.

படி 6: பயாஸ்

பயாஸுக்குள் போகும் முன் ஒரு வேலை. டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். விண்டோஸ் 11-இல் டிஸ்க் குறியாக்கம் உங்களுக்குத் தெரியாமலே ஆன் ஆகியிருக்கலாம். பயாஸில் சிலவற்றை மாற்றினால் அடுத்த தடவை ஆன் ஆகும்போது 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் உள்ளே போகாதீர்கள். ஒரு அலுவலகத்தின் முழுக் கணக்கும் அந்த 48 எண்ணுக்குப் பின்னால் பூட்டிக்கொள்ளும்.

விண்டோஸ் அப்டேட் வழியாகவே பயாஸ் அப்டேட்டும் வருவதுண்டு. வந்தால் உள்ளே இருந்த சில அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பியிருக்கலாம். தேட வேண்டியவை ஒவ்வொரு நிறுவனத்திலும் வேறு பெயரில் இருக்கும். டெல்லில் வேக் ஆன் லேன் என்ற வரியில் லேன் ஒன்லி, டீப் ஸ்லீப் கண்ட்ரோல் டிசேபிள்டு. எச்பியில் எஸ்5 வேக் ஆன் லேன் எனேபிள், எஸ்5 மேக்ஸிமம் பவர் சேவிங்ஸ் டிசேபிள். ஆசஸில் பவர் ஆன் பை பிசிஐ-இ. எம்எஸ்ஐயில் ரெஸ்யூம் பை பிசிஐ-இ டிவைஸ். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர்களில் இஆர்பி என்று ஒன்று இருக்கும். அணைந்த நிலையில் மின்செலவைக் குறைக்கும் ஐரோப்பிய விதிக்காக வந்தது அது. ஆன் ஆகியிருந்தால் காத்திருப்பு மின்சாரத்தையே வெட்டிவிடும், பின்பக்க விளக்கும் செத்துவிடும். டிசேபிள் செய்யுங்கள்.

பயாஸில் தேதியையும் ஒரு பார்வை பாருங்கள். பல வருடம் பின்னால் இருந்தால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. கரண்ட் போகும் ஒவ்வொரு முறையும் பயாஸ் அமைப்புகள் அழியும், பழி அப்டேட் மீது விழும். பேட்டரியை மாற்ற ஐந்து நிமிடம் போதும்.

கரண்ட் போய் வந்த பிறகு எழாத கம்ப்யூட்டர் தனி வகை. காத்திருப்பு மின்சாரம் போனதால், கேட்கத் தயாராக இருந்த கார்டு அந்தத் தயார்நிலையை மறந்துவிடும். சில மதர்போர்டுகள் மின்சாரம் வந்ததும் திரும்பத் தயார் செய்யும், பல செய்யாது. இதற்குப் பயாஸில் ஏசி பவர் லாஸ் என்று வரும் அமைப்பை பவர் ஆன் என்று வையுங்கள். கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானே ஆன் ஆகிவிடும். குறைந்த நேரத்தில் கரண்ட் பலமுறை போய் வரும் இடமாக இருந்தால் ஒரு சின்ன யுபிஎஸ் இல்லாமல் இப்படி வைக்காதீர்கள், டிஸ்க்குக்கு நல்லதல்ல.

படி 7: பொட்டலம் வருகிறதா

இதுவரை எல்லாம் சரி, இன்னும் எழவில்லை. இப்போது கம்ப்யூட்டரை ஆன் செய்தே வைத்து, அதில் வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். ஃபில்டர் கட்டத்தில் வேக் ஆன் லேனின் மூன்று ஆங்கில முதலெழுத்துகளைச் சின்ன எழுத்தில் தட்டி, வெளியிலிருந்து பொட்டலத்தை அனுப்புங்கள். ஒரு வரி தோன்றினால் பாதை சரி, கோளாறு கம்ப்யூட்டருக்குள். ஒன்றுமே வரவில்லை என்றால் பாதையில்.

தோன்றும் வரியைத் திறந்து அதில் இருக்கும் மேக் முகவரியைக் கம்ப்யூட்டரின் உண்மை முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஐபிகான்ஃபிக் கட்டளையோடு இடைவெளி விட்டுச் சாய்கோடு ஆல் என்று கொடுத்தால் அந்த 12 எழுத்தும் எண்ணும் கிடைக்கும். பொய்க் கார்டின் முகவரியையோ வைஃபையின் முகவரியையோ ஆப்பில் போட்டுவிட்டு நாள்முழுக்கப் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன். மதர்போர்டு லேனை விட்டு யுஎஸ்பி லேனுக்கு மாறியிருந்தாலும் முகவரி வேறுதான்.

படி 8: வெளியிலிருந்து

மேஜிக் பேக்கெட் உள் நெட்வொர்க்கில் எல்லோருக்கும் கேட்கும்படி கூவுகிற வகை. அந்தக் கூவல் ரவுட்டரைத் தாண்டாது. அதனால் பலர் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு, அதாவது வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடும் அமைப்பு, போட்டு, கம்ப்யூட்டரின் ஐபி முகவரிக்கு நேராக அனுப்புவார்கள். இது அணைத்த சில நிமிடங்களுக்கு மட்டும் வேலை செய்யும். ஐபி யாருடையது, அதன் மேக் எது என்ற குறிப்பை ரவுட்டர் கொஞ்ச நேரம்தான் வைத்திருக்கும். அப்புறம் விசாரிக்கும்போது அணைந்த கம்ப்யூட்டர் பதில் சொல்லாது, பொட்டலம் அங்கேயே நின்றுவிடும். "அஞ்சு நிமிஷத்துல எழுப்புனா எழுந்துடுது, ராத்திரி எழல" என்று யாராவது சொன்னால் காரணம் இதுதான். ரவுட்டரில் ஐபி-மேக் பைண்டிங் இருந்தால் அதைப் போட்டு வைப்பது ஒரு வழி.

இன்னொன்றும் உண்டு. இன்று பல பிராட்பேண்ட் இணைப்புகளில் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி கிடையாது, பல வாடிக்கையாளர்கள் ஒரே ஐபியின் பின்னால் இருப்பார்கள். அங்கே போர்ட் ஃபார்வர்டு போட்டும் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. ரவுட்டர் காட்டும் வெளி ஐபி 100.64-இலிருந்து 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் அந்த நிலையில்தான் இருக்கிறீர்கள்.

இரண்டுக்கும் சேர்த்து நான் எல்லா இடத்திலும் செய்வது: அலுவலகத்தில் எப்போதும் ஆன் ஆகவே இருக்கும் ஒரு சின்ன சாதனம். ராஸ்பெர்ரி பை என்ற கையளவுக் கம்ப்யூட்டர் போதும், மின்செலவு மிகக் குறைவு. ரவுட்டரோடு சேர்த்து அதையும் யுபிஎஸ்ஸில் வையுங்கள். அதில் டெயில்ஸ்கேல் அல்லது வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளைப் போட்டு வீட்டிலிருந்து அந்தச் சாதனத்துக்குள் போய், அங்கிருந்து பொட்டலத்தை அனுப்ப வேண்டும். டெயில்ஸ்கேல் வழியாக வீட்டிலிருந்தே நேராக அனுப்பினால் போய்ச் சேராது, கூவல் அதன் வழியே பயணிக்காது. உள்ளே இருக்கும் சாதனம்தான் கூவ வேண்டும். வேக் ஆன் லேன் பட்டன் இருக்கும் ரவுட்டர்களும் உண்டு, இருந்தால் அதுவே போதும்.

ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389-ஆம் போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். கடவுச்சொல்லை உடைக்கப் பார்க்கிறவர்கள் தேடி வரும் முதல் கதவு அது.

எழுந்தும் எழாதது போல் தெரிவது

கம்ப்யூட்டர் எழுந்திருக்கும், உங்களால் உள்ளே போக முடியாது. அப்டேட்டுக்குப் பிறகு நெட்வொர்க் பப்ளிக் என்று மாறியிருந்தால் ஃபயர்வால் ரிமோட் டெஸ்க்டாப்பை மறிக்கலாம். பிரைவேட் என்று மாற்றுங்கள். மற்றொன்று: ஆள் தொடாமல் எழுந்த கம்ப்யூட்டர் இயல்பாக இரண்டு நிமிடத்தில் மறுபடி தூங்கப் போய்விடும். பவர் ஆப்ஷன்ஸில் நீங்கள் போட்ட ஒரு மணி நேரக் கணக்கு இதற்குப் பொருந்தாது. எழுப்பியதும் உடனே லாகின் செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் பவர்சிஎஃப்ஜியோடு இடைவெளி விட்டுச் சாய்கோடு லாஸ்ட்வேக் கொடுத்துப் பாருங்கள், கடைசியாக எழுப்பியது யார் என்று சொல்லும். ஈவென்ட் வியூவரில் பவர்-டிரபுள்ஷூட்டர் பெயரில் எழுந்த நேரமும் இருக்கும்.

லினக்ஸ், ஆப்பிள் மேக் வைத்திருப்பவர்களுக்கு

உபுண்டு போன்றவற்றில் ஈதர்டூல் கட்டளையைக் கார்டின் பெயரோடு கொடுங்கள். வேக்-ஆன் வரியில் ஜி என்ற எழுத்து இருந்தால் சரி, டி என்றால் அணைந்திருக்கிறது. கையால் ஜி ஆக்கினால் அடுத்த ரீபூட்டில் திரும்பப் போய்விடலாம். அதனால் நெட்வொர்க் மேனேஜரின் இணைப்பு அமைப்பிலேயே மேஜிக் என்று நிரந்தரமாக எழுதுங்கள். பெரிய பதிப்பு மாறும்போது கார்டின் பெயரே மாறி, பழைய பெயருக்கு எழுதியது வீணாவதும் உண்டு. மடிக்கணினியில் டிஎல்பி என்ற மின்சேமிப்பு மென்பொருள் போட்டிருந்தால் அது இயல்பாகவே வேக் ஆன் லேனை அணைத்துவிடும், அதன் அமைப்புக் கோப்பில் மாற்ற வேண்டும். ஆப்பிள் மேக்கைத் தூக்கத்திலிருந்து மட்டுமே எழுப்ப முடியும். எனர்ஜி அமைப்பில் நெட்வொர்க்குக்காக எழும் வசதி ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள், அவ்வளவுதான்.

அடுத்த அப்டேட்டுக்கு முன்

எல்லாம் சரியாக ஓடும் ஒரு நாளில் பவர் மேனேஜ்மென்ட் தாவல், அட்வான்ஸ்டு தாவல், டிரைவர் பதிப்பு, பயாஸ் பக்கம் நான்கையும் போனில் படம் எடுத்து வையுங்கள். கெட்ட பிறகு ஒப்பிட அதைவிட நல்ல துணை கிடையாது. கடைசி நாட்களுக்கு முன்னால் அப்டேட் ஏறாமல் இருக்க விண்டோஸ் அப்டேட்டில் பாஸ் வசதியை 15-ஆம் தேதி வாக்கில் ஒரு வாரத்துக்குப் போடலாம். பாதுகாப்பு அப்டேட்டுகளை அதற்கு மேல் தள்ளிவைக்க வேண்டாம்.

சத்துவாச்சாரி அலுவலகத்தில் மானிட்டருக்கு அடியில் மேக் முகவரியைச் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறோம், பக்கத்தில் 'ஷட்டவுன் வேண்டாம், ஹைபர்னேட்' என்றும். அப்டேட் ஏறிய நாளில் அந்தத் தங்கை குடியாத்தம் போய்ச் சேர்ந்ததும் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு தடவை எழுப்பிப் பார்க்கிறார். எழுந்தால் எனக்கு ஒரு மிஸ்டு கால். எழாவிட்டால் மறுநாள் காலையில் அலுவலகம் திறக்கும்போது நான் அங்கே இருப்பேன்.